அசையும் படத்தின் கதை – 23: எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகள்

2005-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் தென்கோடி நகரமான சான் டியேகோவில் இரண்டு வீடியோக்கள் வரலாறு படைத்தன. ஒன்றை எல்லோரும் அறிவார்கள். ஜாவேத் கரீம் என்ற இளைஞர் அங்குள்ள மிருகக்காட்சிச் சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று, அவற்றின் தும்பிக்கை எவ்வளவு நீளம் என்று நாலு வார்த்தை பேசினார். மொத்தமே 19 விநாடி. ஏப்ரல் 23 அன்று அது யூடியூபில் ஏறியது. அந்தத் தளத்தில் ஏறிய முதல் வீடியோ அதுதான்.

மற்றதைப் பற்றித் துறைக்காரர்களைத் தவிர யாரும் பேசுவதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 'ஐகிரிட்' என்ற மாநாடு கூடியது. உலகெங்கும் உள்ள ஆராய்ச்சி நிலையங்களை அதிவேகக் கண்ணாடி இழைகளால் இணைத்திருந்தவர்களின் கூட்டம் அது. டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்திலிருந்து பசிபிக் கடலைத் தாண்டி 4கே அளவிலான காட்சி நேரலையாக வந்து அரங்கத் திரையில் விரிந்தது. இரு கரையிலும் இருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் முகம் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். அதைச் சாத்தியமாக்கிய கருவிகளைத் தந்தது ஜப்பானின் என்டிடி நிறுவனம்.

அன்று யூடியூப் காட்டிய படத்தின் அளவு 320 × 240. ஒரு ஃபிரேமுக்கு 76,800 புள்ளிகள். இன்று நம் வீட்டுத் தொலைக்காட்சியில் 4கே என்று சொல்லப்படும் 3840 × 2160 அளவில் 82,94,400 புள்ளிகள். முன்னதைப் போல 108 மடங்கு. ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஐந்து மாத இடைவெளியில் இந்த இரண்டும் நடந்தன. ஒன்றை யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மற்றொன்றுக்குத் தனி இழை, தனிக் கருவி, தனி அரங்கம் எல்லாம் வேண்டும். சின்னப் படத்தின் சுதந்திரமும் பெரிய படத்தின் துல்லியமும் எப்படி ஒன்று சேர்ந்தன என்பதுதான் இந்த வார அத்தியாயம்.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே 2005 ஜூலையில் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் சேர்ந்து அமைத்த டிசிஐ என்ற கூட்டமைப்பு டிஜிட்டல் திரையரங்குக்கான விதிமுறைகளை வெளியிட்டது. 2கே, 4கே என்ற இரண்டு அளவுகள் அதில்தான் உறுதியாயின. விநாடிக்கு அதிகபட்சம் 25 கோடி பிட்கள், அதாவது 250 மெகாபிட் போகலாம் என்று அது வரையறுத்தது. இந்த 250 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதலில் ஒரு கணக்கு. 4கே படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் குறிக்க 24 பிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 20 கோடி பிட். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஏறத்தாழ 478 கோடி பிட். ஒரு மணி நேரப் படத்தை எதையும் குறைக்காமல் சேமித்தால் இரண்டு டெராபைட்டுக்கு மேல் போகும். இதை அப்படியே இணையத்தில் அனுப்பப் பெரும்பாலான வீட்டு இணைப்புகள் இன்றும் போதாது. ஆகவே இணையத்தில் 4கே-யின் வரலாறு என்பது கேமராவின் வரலாறும் இல்லை, திரையின் வரலாறும் இல்லை. எதைத் தூக்கி எறியலாம் என்று கண்டுபிடித்தவர்களின் வரலாறு. அந்தக் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று நடந்த சண்டையின் வரலாறு.

கேமரா பக்கத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 2007-இல் அமெரிக்காவின் ரெட் நிறுவனம் 'ரெட் ஒன்' கேமராவை 17,500 டாலருக்குக் கொண்டுவந்தது. 4கே எடுக்கும் கருவிக்கு அது அதுவரை யாரும் கேட்டிராத விலை. தமிழ் சினிமா அதைச் சீக்கிரமே கைப்பற்றியது. 2009-இல் வந்த 'அச்சமுண்டு அச்சமுண்டு', 'உன்னைப்போல் ஒருவன்' இரண்டும் அந்தக் கேமராவில் எடுக்கப்பட்டவை. ஆனால் அப்படி எடுத்த படத்தை 4கே-யாகவே இணையத்தில் போட்டுக் காட்டலாம் என்று அன்று கோடம்பாக்கத்தில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். யூடியூபே அப்போதுதான் 2008 இறுதியில் 720-க்கும், 2009 நவம்பரில் 1080-க்கும் ஏறியிருந்தது.

பிறகு வந்தது 2010 ஜூலை 9. லாஸ் ஏஞ்சலிஸில் வீடியோ படைப்பாளர்களுக்காக முதல் முறையாக நடந்த 'விட்கான்' கூட்டத்தில், இனி 4096 × 3072 வரை வீடியோ ஏற்றலாம் என்று யூடியூப் அறிவித்தது. அதை முழு அளவில் பார்க்க, தர அளவுப் பட்டியலில் 'ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 4கே கேமராக்கள் விலை மலிந்தவை அல்ல, அதைக் காட்டும் புரொஜெக்டர்கள் சிறிய குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு இருக்கும், இதற்கு ஏற்ற திரை 25 அடி என்றெல்லாம் அந்த அறிவிப்பிலேயே அவர்கள் எழுதியிருந்தார்கள். அதாவது, பார்க்க ஆள் இல்லாத ஒன்றைத் திறந்துவைக்கிறோம் என்று தெரிந்தே திறந்தார்கள். வீட்டுக்கு வாங்கக்கூடிய 4கே தொலைக்காட்சிகள் கடைக்கு வந்தது 2012-இல். சோனியின் 84 அங்குலப் பெட்டி 25,000 டாலர்.

நம் நாட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2010-இல் இந்தியாவில் விநாடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட். 2004-ஆம் ஆண்டுக் கொள்கை அப்படித்தான் வரையறுத்திருந்தது. பத்து நிமிட 4கே வீடியோவை யூடியூப் இன்று பரிந்துரைக்கும் அளவில், விநாடிக்கு 40 மெகாபிட் என்று செய்தால் 3 ஜிபி ஆகும். அதை அந்த இணைப்பில் இறக்க 26 மணி நேரம் பிடிக்கும். பத்து நிமிடப் படத்துக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதாது.

அப்படியானால் 2010 அறிவிப்பு வெறும் விளம்பரமா? நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய அளவில் ஏற்றிய கோப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிய முறையில் சுருக்கிக்கொள்ளலாம். சின்னதாக ஏற்றியதில் இல்லாத நுணுக்கத்தைப் பின்னால் யாராலும் கொண்டுவர முடியாது. ஆரம்ப காலத்தில் ஏற்றப்பட்ட எத்தனையோ கச்சேரிகள், தெருக்கூத்துப் பதிவுகள், வயதான கலைஞர்களின் பேட்டிகள் இன்றும் முகம் தெரியாத மங்கலோடு கிடக்கின்றன. பலவற்றின் மூல நாடா எங்கே போனது என்றே தெரியாது. பேசியவரும் இல்லை, நாடாவும் இல்லை, மிச்சம் அந்த 240 வரிகள்தான். கதவைச் சீக்கிரம் திறந்துவைத்தது நல்ல காரியம் என்று நான் உறுதியாகச் சொல்வது இந்த இழப்பைப் பார்த்துத்தான்.

இனி சுருக்கும் வித்தைக்கு வருவோம். திரையரங்குக்கான டிசிஐ முறை ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனிப் புகைப்படமாகவே சுருக்குகிறது. தரம் முக்கியம், இடம் முக்கியமில்லை என்பதால் அது சரி. இணையத்துக்கான கோடெக்குகள், அதாவது சுருக்கும் முறைகள், வேறு வழியில் போகின்றன. அடுத்தடுத்த ஃபிரேம்களில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது அல்லவா? வாசலில் நேற்றுப் போட்ட கோலத்தையே இன்றும் போடு, வலது மூலையில் மட்டும் ஓர் இழையை மாற்று என்று சொன்னால் போதும், முழுக் கோலத்தையும் மறுபடி வரைந்து காட்ட வேண்டியதில்லை. கோடெக் செய்வதும் அதுதான். இந்தக் கட்டம் முந்தைய ஃபிரேமில் இருந்த அதே கட்டம், மூன்று புள்ளி இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்று எழுதிவைக்கிறது. மிச்சமிருக்கும் சிறு வேறுபாட்டை மட்டும் அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நிற வேறுபாடுகளைக் கழித்துவிடுகிறது.

இந்த வழியில் 2003-இல் வந்த எச்.264 ஒரு யுகத்தையே ஆண்டது. ப்ளூ-ரே, கைபேசி, இணையம் என்று எங்கும் அதுதான். ஆனால் அதற்குள் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் இருந்தன. எம்பெக் எல்ஏ என்ற அமைப்பு அவற்றை ஒரே குடைக்குள் சேர்த்துக் கட்டணம் வசூலித்தது. பார்ப்பவருக்கு இலவசமாகக் கிடைக்கும் இணைய வீடியோவுக்குக் கட்டணம் கேட்க மாட்டோம் என்று அந்த அமைப்பு 2010 ஆகஸ்டில் நிரந்தரமாக உறுதி கூறியது. அந்த உறுதிமொழி தானாகக் கனிந்து விழுந்தது என்று நம்புவது கடினம். அதற்கு மூன்று மாதம் முன்பு, மே மாதத்தில், கூகுள் ஒரு காரியம் செய்திருந்தது. ஆன்2 டெக்னாலஜீஸ் என்ற சிறிய கோடெக் நிறுவனத்தை 12 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, அதன் விபி8 கோடெக்கை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருந்தது.

விபி8 எச்.264-ஐ வீழ்த்தவில்லை. ஆனால் அடுத்த தலைமுறைக்கான போட்டியில் இலவசக் கட்சி ஒன்று நிலைபெற்றுவிட்டது. 2013-இல் இரு தரப்பும் மோதின. ஒரு பக்கம் எச்.264-இன் வாரிசான எச்இவிசி. அதே தரத்துக்குப் பாதி பிட் போதும் என்பது அதன் இலக்கு. மறுபக்கம் கூகுளின் விபி9. அதே அளவு சேமிப்பைக் கட்டணமில்லாமல் தர முயன்றது. 2014 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில் எல்ஜி, பானாசோனிக், சோனி அரங்குகளில் யூடியூபின் 4கே விபி9 வழியாக ஓடியது. அதே ஆண்டு ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' இரண்டாம் பருவத்தை 4கே-யில் தந்தது. அது எச்இவிசி. விநாடிக்குச் சுமார் 15.6 மெகாபிட். திரையரங்குக்கு 250 வரை அனுமதித்த அதே 4கே, வீட்டுக்கு 16-இல் வந்துவிட்டது. ஒன்பதே ஆண்டில்! தரம் ஒன்றுதானா என்றால் இல்லை. ஆனால் வரவேற்பறையில் உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

எச்இவிசி தொழில்நுட்பத்தில் அற்புதம். அதைக் கெடுத்தது அதன் உரிமையாளர்களின் பேராசை என்று நான் தயங்காமல் எழுதுவேன். முன்பு ஒரு குடையின் கீழ் இருந்த காப்புரிமைகள் இப்போது சிதறின. 2014-இல் எம்பெக் எல்ஏ ஒரு கட்டணம் அறிவித்தது. 2015-இல் எச்இவிசி அட்வான்ஸ் என்று இரண்டாவது கூட்டணி வந்து தனிக் கட்டணம் கேட்டது. 2017-இல் வேலோஸ் மீடியா என்று மூன்றாவது. எந்தக் கூட்டணியிலும் சேராமல் தனியாக நின்றவர்களும் உண்டு. ஒரு தொலைக்காட்சியோ உலாவியோ செய்பவர் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியாத நிலை. இந்தத் தரநிலைகளை உருவாக்கியதில் பங்குள்ள எம்பெக் குழுவை 1988-இல் தொடங்கி வளர்த்த இத்தாலியர் லியோனார்டோ கியாரிலியோனே, 2018 ஜனவரியில் தன் குழுவின் முறையே நெருக்கடியில் இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதினார். தன் வாழ்நாள் உழைப்பைப் பற்றி அவ்வளவு நேர்மையாக எழுத மனத்துணிவு வேண்டும்.

அதற்குள் எதிர்த்தரப்பு ஒன்றுகூடிவிட்டது. 2015 செப்டம்பரில் அமேசான், சிஸ்கோ, கூகுள், இன்டெல், மைக்ரோசாஃப்ட், மோசில்லா, நெட்ஃபிளிக்ஸ் ஆகிய ஏழும் சேர்ந்து திறந்த ஊடகக் கூட்டணியை அமைத்தன. சந்தையில் ஒன்றையொன்று கடித்துக் குதறும் நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்ததற்கு எச்இவிசி கட்டணக் குழப்பமே காரணம். கூகுளின் விபி வரிசை, மோசில்லாவின் டாலா, சிஸ்கோவின் தோர் மூன்றும் கலந்து 2018 மார்ச்சில் ஏவி1 பிறந்தது. கட்டணம் இல்லை.

இந்தச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் சாதாரணப் பார்வையாளர்கள். ஆப்பிள் எச்இவிசி பக்கம் நின்றது, விபி9-ஐ ஏற்கவில்லை. யூடியூப் 4கே-யை விபி9-இல் தந்தது. விளைவு, 2017-இல் '4கே' என்ற பெயரையே தாங்கி வந்த ஆப்பிள் டிவியில் யூடியூபின் 4கே ஓடவில்லை. மேக் கணினியின் சஃபாரி உலாவியிலும் இதே கதைதான். 2020-இல்தான் ஆப்பிள் இறங்கிவந்தது. பணம் கொடுத்து இரண்டு பொருளை வாங்கியவருக்கு, இரு நிறுவனங்களின் பிடிவாதத்தால் மூன்று ஆண்டு படம் மறுக்கப்பட்டது.

கோடெக் மட்டும் இருந்தால் போதாது, இன்னொன்றும் தேவைப்பட்டது. ஆரம்ப யூடியூபில் ஒரே கோப்பு வரிசையாக இறங்கும். சாம்பல் பட்டை முன்னே ஓட, சிவப்புப் பட்டை பின்னே துரத்தும். இணைப்பு தளர்ந்தால் படம் நிற்கும். 4கே-யை அப்படி அனுப்பினால் நின்று நின்றே முடியும். ஆகவே வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் தயாராக வைத்து, இணைப்பின் வேகத்துக்கு ஏற்ப அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று பார்ப்பவரின் கருவியே முடிவு செய்யும் முறை வந்தது. மூவ் நெட்வொர்க்ஸ் முன்னோடி. 2008-இல் மைக்ரோசாஃப்ட், 2009-இல் ஆப்பிளின் எச்எல்எஸ், 2012-இல் எல்லோருக்கும் பொதுவான டேஷ் தரநிலை. படம் தொடங்கும்போது மங்கலாக இருந்து நொடிகளில் தெளிவது இதனால்தான்.

பார்ப்பவரின் பக்கம் இவ்வளவு யோசித்தார்கள். ஏற்றுபவரின் பக்கம்? இதில் எனக்குத் தீராத மனக்குறை உண்டு. தொலைபேசிக் கம்பியில் வந்த ஏடிஎஸ்எல் இணைப்புகள் இறக்க அதிக வேகமும் ஏற்ற மிகக் குறைந்த வேகமும் தரும்படி அமைக்கப்பட்டவை. வீட்டில் இருப்பவர் பார்ப்பவர்தான், தருபவர் அல்ல என்ற எண்ணம் அதன் அடித்தளத்தில் இருந்தது. ஏற்றும் வேகம் விநாடிக்கு ஒரு மெகாபிட் என்றால், நாம் மேலே பார்த்த பத்து நிமிட 4கே கோப்பு ஏறுவதற்கு ஏழு மணி நேரம் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் கதை முடிந்தது. சிறு ஊர்களில் கல்யாண வீடியோ எடுப்பவர்களும் குறும்பட இளைஞர்களும் வன்தட்டை எடுத்துக்கொண்டு நல்ல இணைப்பு உள்ள நண்பர் வீட்டையும் பிரவுசிங் சென்டரையும் தேடி அலைந்த காலம் அது. கையிலிருக்கும் கைபேசியோ 2013-இன் கேலக்ஸி நோட் 3-இலிருந்தே 4கே எடுக்கத் தொடங்கிவிட்டது. எடுத்ததை வெளியே அனுப்பத்தான் வழியில்லை. வீட்டுக்கு இழை வந்தபிறகே இந்த வேறுபாடு குறைந்தது. கைபேசி டேட்டா 2016-இல் ஜியோ வந்தபிறகு மலிந்தது. ஆனாலும் விளம்பரங்கள் இறக்கும் வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடுகின்றன. ஏற்றும் வேகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கோப்பு ஏறிய பிறகும் வேலை முடிவதில்லை. யூடியூபின் கணினிகள் அதைத் துண்டுகளாக வெட்டி, பல தரங்களில், பல கோடெக்குகளில் மறுபடி சுருக்க வேண்டும். சின்ன அளவுகள் முதலில் தயாராகும், 4கே கடைசியில். அனுபவப்பட்டவர்கள் வீடியோவை யாரும் பார்க்காதபடி ஏற்றி, 4கே வரும்வரை காத்திருந்து, பிறகே வெளியிடுகிறார்கள். இன்னொரு வழக்கமும் பரவியது. 1080-இல் எடுத்த படத்தையே 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றுவது. இதனால் படத்தில் புதிய நுணுக்கம் எதுவும் சேராது என்று அவர்களுக்குத் தெரியும். பெரிய அளவுக்கு யூடியூப் நல்ல கோடெக்கும் கூடுதல் பிட்டும் ஒதுக்குகிறது. அதனால் படம் உடையாமல் நிற்கிறது. எடிட்டிங் அறைகளில் ஒருவர் சொல்ல ஒருவர் கற்ற பாடம் இது.

2020 மார்ச்சில் இந்த முன்னேற்றம் முழுக்க ஒரே வாரத்தில் பின்வாங்கியது. ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் அடைந்தபோது, ஐரோப்பிய ஆணையர் தியரி பிரெட்டன் கேட்டுக்கொண்டபடி நெட்ஃபிளிக்ஸ் ஐரோப்பாவில் பிட் அளவை 30 நாட்களுக்குக் குறைத்தது. இந்தியாவில் இணைய வீடியோ நிறுவனங்கள் கூடிப் பேசி, ஏப்ரல் 14 வரை கைபேசி இணைப்புகளில் 480-க்கு மேல் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தன. பள்ளிக்கூடமும் மருத்துவ ஆலோசனையும் அதே அலைவரிசையில் போக வேண்டியிருந்த நேரத்தில் அது சரியான முடிவு.

அந்த நாட்களில் யூடியூபில் நிமிடத்துக்கு 500 மணி நேரத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏறிக்கொண்டிருந்தது. புதிய கோடெக் எவ்வளவு அதிகமாகச் சுருக்குகிறதோ, அவ்வளவு அதிகக் கணக்கு போட வேண்டும். விபி9-இல் ஒரு படத்தைச் சுருக்க எச்.264-ஐவிடப் பல மடங்கு கணினி உழைப்பு தேவை. சாதாரணச் செயலிகளை நம்பி இதைத் தொடர முடியாது என்று கண்ட கூகுள் பொறியாளர்கள், வீடியோவைச் சுருக்குவதை மட்டுமே செய்யும் 'ஆர்கோஸ்' என்ற சிப்பைத் தாங்களே வடிவமைத்தார்கள். 2021-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், முந்தைய கணினிகளைவிட 20 முதல் 33 மடங்கு வரை திறன் கூடியதாகச் சொன்னார்கள்.

சுருக்கியாயிற்று, துண்டு போட்டாயிற்று. ஆனால் அந்தத் துண்டு கலிபோர்னியாவிலிருந்து கடலடிக் கம்பி வழியாக ஒவ்வொரு முறையும் சென்னைக்கு வர வேண்டுமா? 2012-இல் நெட்ஃபிளிக்ஸ் 'ஓபன் கனெக்ட்' என்ற பெயரில் தன் படங்களை நிரப்பிய பெட்டிகளை இணைய நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கத் தொடங்கியது. கூகுளும் அதற்கு முன்பே அதே வழியில் இறங்கியிருந்தது. அந்தப் பெட்டிகளை யார் யாருக்குக் காசு கொடுத்து வைப்பது என்பதில் கிளம்பிய வழக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.